அம்மா வந்து பார்த்த குதிரை

அந்த ஒரு வருடத்தில் என்னவெல்லாம் செய்தாய் என்று யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன். குதிரை ஏறக் கற்றுக்கொண்டேன். உபின் தீவில் சைக்கிளோடு சேற்றில் விழுந்தேன். அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகில் போய், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வேர்களாக நிற்க, திரும்பும் வழி தெரியாமல் மிதந்தேன். நீர்த்தேக்கக் காட்டில் ஒரு குரங்கு என் பையைத் திறந்து, அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றைப் பொட்டலத்தோடு எடுத்துக்கொண்டு போனது. ஏன் செய்தாய் என்று கேட்டால்தான் தடுமாறுகிறேன். ஒவ்வொரு முறையும் வேறு பதில் வருகிறது. சொல்லும் நேரத்தில் எல்லாமே உண்மையாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அம்மா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கடல் தாண்டி இங்கே வந்தவள். மூன்றாம் வகுப்போடு நின்றவள். அப்பா ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை. அவர் படிப்பு அம்மாவைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். நான் பல்கலைக்கழகம் வரை போய், இப்போது குவீன்ஸ்டவுன் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். இதில் எனக்குப் பெருமை உண்டு. மறைப்பதில்லை. எந்தத் தேர்வையும் இரண்டாம் முறை எழுதியதில்லை என்பதையும் நானாகவே எடுத்துச் சொல்லிவிடுவேன்.

ஆனால் நான் படித்ததை அம்மா ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டால் அப்பாவுக்கு ஷிஃப்ட் இருக்கும். ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று அம்மா வரமாட்டாள். பட்டமளிப்புக்கு வந்தாள். கறுப்பு அங்கிகளின் நடுவே நான் எங்கே இருக்கிறேன் என்று கடைசி வரை அவளுக்குத் தெரியவில்லை. யார் பெயருக்கு மற்றவர்கள் கை தட்டினார்களோ அவர்கள் எல்லோருக்கும் சேர்ந்து தட்டியிருக்கிறாள். நான் சொன்னதை வைத்துத்தான் நான் பாஸ் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். குதிரை ஏறுவதைப் பார்க்க ஆங்கிலம் தேவையில்லை. வேலி ஓரம் நின்றால் போதும். அம்மா ஒருமுறை வந்து அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. முதலிலிருந்தே இருந்ததா, அல்லது அது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்த பிறகு வந்ததா என்றும் தெரியவில்லை.

ஆரம்பித்து வைத்தது என் தோழி. கூட வேலை பார்ப்பவள். அவளுடைய குடும்பம் தமிழ்க் கடைத்தெருவான தேக்காவில் பல காலமாகத் துணிக்கடை வைத்திருக்கிறது. காட்டோரம் இருக்கும் ஒரு குதிரைப் பள்ளியில் ஒருநாள் வகுப்புக்குப் போகலாம் என்று இழுத்துக்கொண்டு போனாள். புக்கிட் பாஞ்சாங் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. தலைமுக்காட்டுக்கு மேல் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அவள்தான் முதலில் ஏறினாள். முதலில் இறங்கியதும் அவள்தான்.

"இது என்னை எப்படிப் பாக்குது பாத்தியா? எங்க வாப்பா கடையில துணி எடுக்காமப் போற கஸ்டமரைப் பாக்குற மாதிரி. எனக்கு வேணாம் லா. நீ வேணும்னா குடும்பம் நடத்து" என்றாள்.

நான் இறங்கவில்லை. எனக்குக் கொடுத்தது ஒரு பழுப்புக் குதிரை. ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியதாம். இப்போது கற்றுக்கொள்கிறவர்களைச் சுமக்கிறது. அதன்மேல் உட்கார்ந்ததும் தரை இவ்வளவு கீழே இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். கீழே பார்க்காதே என்று பயிற்சியாளர் கத்தினார். அவர் கறாரான சீனப் பெண்மணி. வெயிலில் காய்ந்த முகம். புகழ்ந்து ஒரு சொல் சொல்லமாட்டார்.

நான் கற்றுக்கொள்ளும் விதம் எனக்குத் தெரியும்: படிப்பேன், புரிந்துகொள்வேன், செய்வேன். கிளம்புமுன்பே குதிரை பற்றி நிறையப் படித்திருந்தேன். சேணத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் தெரியும். குதிரை மட்டும் நகரவில்லை. குதிகாலால் அதன் விலாவில் தட்டினேன். நகரவில்லை. இன்னும் அழுத்தித் தட்டினேன். அது தலையைத் தூக்கிக் காதுகளைப் பின்னால் மடக்கியது. பயிற்சியாளர் பக்கத்தில் வந்து என் கையைத் தொட்டார். நான் கடிவாளத்தை நெஞ்சோடு இழுத்துப் பிடித்திருந்தேன்.

"காலால் போ என்கிறாய், கையால் நில் என்கிறாய். அது எதைக் கேட்கும்?" என்றார் ஆங்கிலத்தில்.

கையை விட்டால் அது ஓடிவிடுமே என்ற பயத்தில் பிடித்திருந்தேன். விட்டேன். நாலடி நடந்தது. அந்த நாலடிக்காகத்தான் அடுத்த சனிக்கிழமையும் போனேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் படத்தைக் காட்டியபோது அப்பா சிரித்தார். "அம்மாடி, ராணி மாதிரி இருக்க" என்றார். அம்மா கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

"அது ஏறுற பொருளில்ல."

"ஏறுறதுக்குத்தான்மா அதுக்குச் சேணம் போட்டிருக்கு."

"எங்க ஊர்ல அய்யனாருக்கு நேர்ந்துக்கிட்டுக் குதிரை செஞ்சு வைப்பாங்க. வரிசையா நிக்கும். அதுல ஏறி உக்காந்த ஒருத்தியக் காட்டு பாப்போம்."

"அது மண்ணு குதிரை. இது சும்மா மிருகம்மா. சாணி போடுது, புல்லு திங்குது."

"சும்மா மிருகம்னா அதுகிட்ட உனக்கு என்ன வேலை?"

அவளுக்கு என்னதான் பிடிக்கவில்லை என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். நான் விழுந்துவிடுவேன் என்ற பயமா, பெண் காலை அகட்டி உட்காருவதா, சாமி குற்றமா? எதைக் கேட்டாலும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பாள். போகாதே என்றும் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் குழப்பியது.

சில வாரங்கள் கழித்து அப்பாதான் கண்டுபிடித்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "என்ன இது, சனிக்கிழமையானா மீனே வர்றதில்ல? மார்க்கெட்ல மீன் நின்னுபோச்சா?"

அம்மா ரசத்தை ஊற்றினாள். "அவ அங்க போற நாளு."

"அவ போறா. நான் போறேனா? எனக்குப் போடு."

"ஒரே அடுப்புதான் இருக்கு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. சனிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டுப் போ என்று அவள் விடாமல் சொன்னதற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. "வந்துதாம்மா குளிக்கணும். உடம்பெல்லாம் லாயத்து நாத்தம்" என்பேன். "வந்தும் குளி. போறப்பவும் குளி" என்பாள். அது ஏறும் பொருளில்லை என்கிறவளே என்னைக் குளிப்பாட்டி, கவுச்சி படாமல் அனுப்புகிறாள். பயிற்சியாளர் என் கையைத் தொட்டுக் காட்டியது நினைவுக்கு வந்தது. காலால் போ, கையால் நில். வீட்டில் அந்தக் குதிரையின் நிலையில் நான் இருந்தேன்.

மற்றச் சாகசங்களில் அம்மா தலையிட்டதில்லை. தோழியும் நானும் மாதத்துக்கு ஒருமுறையாவது எங்காவது கிளம்பிவிடுவோம். அலையாத்திக் காட்டில் வழி தவறியபோது அவள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "படிச்ச பொண்ணுதானே, சொல்லு, கடல் எந்தப் பக்கம்?" என்றாள். தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறதோ அந்தப் பக்கம் என்று சொல்லித் துடுப்புப் போட்டேன். அது இன்னொரு சேற்றுமேட்டில் முடிந்தது. கடைசியில் வேறொரு படகுக் கூட்டத்தின் பின்னாலேயே போய் வெளியே வந்தோம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால் அம்மா, "துணி காஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள். மூழ்கிப் போகக்கூடிய இடத்துக்குப் போவது அவளுக்குப் பிரச்சினையில்லை. குதிரை மட்டும்தான்.

வருடம் முடியும் தறுவாயில் குதிரைப் பள்ளியில் குடும்பங்களை அழைக்கும் நாள் வந்தது. கற்றுக்கொண்டவர்கள் வளையத்துக்குள் ஓட்டிக் காட்டுவார்கள். வீட்டார் வேலி ஓரம் நின்று பார்ப்பார்கள். வரமாட்டாள் என்று தெரிந்தேதான் அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் வந்து, தையற்கடையில் லீவு கேட்டாயிற்று என்றாள். தேக்காவில் ஒரு தையற்கடையில் ரவிக்கை தைக்கிறவள் அவள். அந்த வேலையில் சனிக்கிழமை லீவு கேட்பது சாதாரணம் இல்லை.

அப்பாவுக்கு அன்று ஓவர்டைம். அம்மாவும் நானும் மட்டும் போனோம். கல்யாணத்துக்குக் கட்டும் அரக்குச் சேலையில் வந்தாள். பேருந்தில் எல்லோரும் பார்த்தார்கள். என்னென்ன எச்சரிக்கை உண்டோ அத்தனையும் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பின்னால் போய் நிற்காதே, உதைக்கும். திடீரென்று கையைத் தூக்காதே. சத்தம் போடாதே. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள்.

லாயத்தில் குதிரைக்குச் சேணவாரை இறுக்கிக்கொண்டிருந்தேன். என் முதுகு அவள் பக்கம். உள்ளே வரலாமா என்றாள். வாம்மா என்றேன். அவள் வந்து குதிரையின் முன்னால் நின்று கையைக் கூப்பினாள். பிறகு அதன் கழுத்தைத் தொட்டு விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஓரக்கண்ணால் அதைப் பார்த்தேன். யாராவது பார்க்கிறார்களா என்றும் பார்த்தேன். குதிரை சும்மா ஓரடி நகர்ந்து நின்றது, எப்போதும் நகர்வது போல.

"அம்மாடி" என்று மெதுவாக ஒரு குரல். அவ்வளவுதான்.

திரும்பினேன். அம்மா அப்படியே நின்றாள். முகத்தில் வியர்வை. அவள் கத்தவில்லை, குதிரையைத் தள்ளவும் இல்லை. "என்னம்மா?" என்றேன். கண்ணால் கீழே காட்டினாள். சேலைக் கரைமேல் குதிரையின் குளம்பு இருந்தது. தோளால் முட்டி அதை நகர்த்தினேன். சேலையை விலக்கினால் வெறுங்கால். கட்டைவிரலும் அடுத்ததும் நசுங்கி, இரத்தம்.

செருப்பு லாயத்து வாசலில் ஓரமாக, ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

அத்தனை எச்சரிக்கை சொன்ன எனக்குச் செருப்போடு வா என்று சொல்லத் தோன்றவில்லை. லாயத்துக்குள் செருப்பைக் கழற்றுவார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. பயிற்சியாளர் மருந்துப் பெட்டியோடு ஓடிவந்தார். மண்டியிட்டுத் துணியால் அழுத்திக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: "இவர் ஏன் வெறுங்காலோடு வந்தார்?"

வீட்டுக்கு வரும் எல்லா ஆங்கிலத்தையும் தமிழாக்கிச் சொல்கிறவள் நான். டாக்டரிடமும் வங்கியிலும் அம்மாவுக்காகப் பேசுகிறவள் நான். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் வாக்கியம் இல்லை. "மறந்துவிட்டார்" என்றேன்.

வளையத்தில் மற்றவர்கள் ஓட்ட ஆரம்பித்திருந்தார்கள். கை தட்டல் கேட்டது. நான் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு டாக்சி பிடித்தேன். அம்மா காலைத் தூக்கி என் மடியில் வைத்திருந்தாள்.

"அந்தம்மாகிட்ட என்ன சொன்ன?"

"நீ செருப்பு போட மறந்துட்டேன்னு சொன்னேன்."

"மறக்கலையே" என்றாள், புரியாதவள் போல. "கழட்டித்தானே வச்சேன்."

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு வேறொன்று தோன்றியிருக்கிறது. சட்டென்று கேட்டாள்: "அப்ப நீ ஏறவேயில்லையா?"

"எப்படிம்மா ஏற முடியும்?"

"விரலுதானடி. கழண்டா போச்சு? நான் ஓரமா உக்காந்திருக்க மாட்டேனா? லீவு போட்டு வந்ததே அதுக்குத்தானே!" குரல் உயர்ந்து, எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கால் நசுங்கியபோது வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது அவளுக்கு. அது ஏறும் பொருளில்லை என்றவள், நான் ஏறவில்லை என்று அழுகிறாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் அவளுக்குத் தண்ணீர் வாங்கப் போனேன்.

அப்பா அன்று மாலை தீர்ப்புச் சொன்னார். "இனிமே குதிரை கிதிரைன்னு இந்த வீட்டுல பேச்சே எடுக்கக்கூடாது. வேற ஏதாவது விளையாடு. பேட்மின்டன் ஆடு." தையல் இயந்திரத்தின் மிதியை வலது காலால் அழுத்தும் அம்மா பல வாரம் இடது காலால் அழுத்தினாள். கோணலாகப் போகிறது என்று பிரித்துப் பிரித்துத் தைத்தாளாம். கடைக்கார அம்மா கேட்டதற்கு என்ன காரணம் சொன்னாள் என்று தெரியாது. குதிரை மிதித்தது என்றால் தேக்காவில் யார் நம்புவார்கள்?

பள்ளியிலிருந்து, அடுத்த வருடமும் என் இடம் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். பதில் போடவில்லை. குதிரைமேல் கோபமா என்று யோசித்தால் கோபம் இல்லை. அம்மாமேல்? அவளிடம் கேட்டேன், நீ ஏம்மா அதைத் தள்ளவில்லை என்று.

"மிதிச்சது தெரிஞ்சா அது வருத்தப்படும்ல" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவள் விளையாட்டுக்குச் சொன்னாளா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

தோழியிடம் புலம்பினேன். "சும்மா சும்மா அம்மா என்ன நெனைக்கிறாங்கன்னு கேக்குறியே, நீ என்ன நெனைக்கிற? அதைச் சொல்லு முதல்ல" என்றாள். போக வேண்டும் போலவும் இருந்தது. அம்மா பார்க்காவிட்டால் போய் என்ன என்றும் இருந்தது.

கட்டுப் பிரித்துக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை அம்மா கூடத்தில் உட்கார்ந்து அப்பாவின் பழைய வேலைப் பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தாள். கப்பல் பட்டறையில் போடுவது. விரல் பக்கம் உள்ளே இரும்பு வைத்தது. மூன்று ஜோடி காலுறை திணித்திருந்தாள்.

அப்பா பல் துலக்கியபடியே வந்து பார்த்தார். "அதுல உன் காலு ரெண்டு போகுமேடி. எங்க கிளம்பிட்ட? கப்பல் கட்டவா?"

"இவகூட."

"நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"பேசக்கூடாதுன்னுதானே சொன்னீங்க. யாராச்சும் பேசினோமா?" என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பி, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? குளிச்சிட்டு வா."

குளித்துவிட்டு வந்தேன்.

அன்று கூட்டம் இல்லை, சாதாரண வகுப்பு. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தப் பெரிய பூட்ஸில் தொப்பு தொப்பென்று நடந்து வேலியைப் பிடித்து நின்றாள். பயிற்சியாளர் அவள் காலைப் பார்த்தார். பிறகு பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். அம்மாவும் பதிலுக்குத் தூக்கிக் காட்டினாள். அந்தப் பெண்மணி எனக்கு அதை ஒருமுறையும் காட்டியதில்லை.

ஏறினேன். கடிவாளத்தைத் தளர விட்டேன். குதிரை நடந்தது, பிறகு ஓட்டநடை போட்டது. அதன் தாளத்துக்கு எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். ஒரு சுற்று நன்றாக வந்தது என்று எனக்கே தெரிந்தது. அடுத்த சுற்றில் அது தூரக் கோடியில் போய் நின்று, வாலைத் தூக்கி நிதானமாகச் சாணி போட்டது. முடித்துவிட்டுத்தான் நகர்ந்தது. மீதி நேரமும் ஓட்டினேன். வேலிப் பக்கம் ஒருமுறையும் திரும்பவில்லை. திரும்பினால் கையை இழுத்துவிடுவேன் என்று பயம்.

இறங்கி அவளிடம் போனேன். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன்.

"இவ்வளவு நேரமும் சுத்திச் சுத்தி அதே இடத்துலதானே வந்த? எங்கயும் போகலையே."

"கத்துக்கும்போது வளையத்துக்குள்ளதாம்மா."

"ம்." குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேல இருக்குறது தெரியாத மாதிரி நடக்குது. பாவம், நல்ல ஜீவன்."

"என்னைப் பாத்தியா இல்லையாம்மா?"

"உன்னை எதுக்குப் பாக்கணும்?" என்றாள் அம்மா. "நீ விழுந்தா சத்தம் கேக்காதா?"

நான் எதிர்பார்த்த சொல் இது இல்லை. எதை எதிர்பார்த்தேன் என்றும் அந்த நேரத்தில் மறந்துபோனது. குதிரையைக் கழுவி, லாயத்தில் விட்டு, பயிற்சியாளரிடம் போய் என் இடம் அடுத்த வருடமும் வேண்டும் என்று சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வெளியே அம்மா பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, காலுறைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரத்துக்கு இவ்வளவு வேண்டியதில்லை, இரண்டு ஜோடி போதும் என்றாள்.